யாகப்புவால் வழங்கப்படாத தண்ணீர்

யாகப்பு வடக்கு மாகாண சபைத் தேர்தலில் வேட்பாளரானது ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு. அந்தச் செய்தி அவருக்குத் தெரியவந்தது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு.

வியாழக்கிழமை அவர் நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போனது தண்ணீருக்காக. அந்த வருடம் தைக்குப் பிறகு மழை இல்லை. பூவரசடி ஒழுங்கையில் நாற்பத்திரண்டு வீடுகள். இருந்த இரண்டு நல்ல தண்ணீர்க் கிணறுகளும் வைகாசியிலேயே உவர்த்துவிட்டன. தீவுக்குள் பவுசர் லொறி ஒன்று தண்ணீர் கொண்டு ஓடித்திரிந்தது உண்மை. மற்ற ஒழுங்கைகளுக்குப் போய்வந்த அந்தப் பவுசர் பூவரசடி வாசலுக்கு வந்ததும் திரும்பிவிடும். பட்டியலில் பெயர் இல்லை என்றார் சாரதி. பட்டியல் யாழ்ப்பாணத்தில் இருந்தது.

ஒழுங்கைக்காரர் ஒரு கடிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து, யாகப்புவிடம் கொடுத்து அனுப்பினார்கள். அவரைத் தெரிவுசெய்ததற்கு அவருடைய கெட்டித்தனம் காரணமல்ல. அன்றைக்கு அவருடைய வள்ளத்தின் இயந்திரம் பழுது. மற்ற எல்லோருக்கும் தொழில் இருந்தது.

கடலில் ஒரு மணித்தியாலம், பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். அரசாங்கக் கந்தோர் வளவுக்குள் நுழைந்தபோது வாசலில் பொலிஸ், உள்ளே சனம். மத்தியானம் பன்னிரண்டு மணியோடு வேட்புமனு ஏற்பது முடிகிறது என்பது யாகப்புவுக்குத் தெரியாது. தூணருகில் ஒரு கட்டுக் கடதாசியோடு வேர்த்துப்போய் நின்ற ஒருவரிடம் போய்க் கேட்டார்.

“ஐயா, கடிதம் குடுக்கிற இடம் எது?”

நின்றவர் இராசநாயகம், ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர். இருபது வருடம் ஒரு கட்சியில் இருந்தவர். அந்தக் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று கேள்விப்பட்ட அன்று பின்னேரமே, கட்சி அரசியல் நாட்டுக்குக் கேடு என்ற முடிவுக்கு வந்து, சுயேச்சைக் குழு ஒன்றை ஆரம்பித்தார். பட்டியலுக்குப் பத்தொன்பது பேர் வேண்டும். பதினெட்டுப் பேரைப் பிடித்துவிட்டார். பத்தொன்பதாவது ஆள் அவருடைய மச்சான். மச்சான் காலையிலேயே தொலைபேசியை நிறுத்திவிட்டு வவுனியாவுக்குப் போய்விட்டார்.

இராசநாயகம் யாகப்புவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். தோய்த்து மினுக்கிய சேட். கையில் அடையாள அட்டை.

“ஐயா எந்த இடம்?”

“நெடுந்தீவு.”

“நெடுந்தீவோ! தீவுப் பக்கத்திலை எங்களுக்கு ஒரு பலமான ஆளில்லை எண்டு இப்பதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான். வாருங்கோ ஐயா, இஞ்சை கையெழுத்து வையுங்கோ.”

“இது தண்ணிக்கோ?”

“எல்லாத்துக்கும்தான் ஐயா. தண்ணி, றோட்டு, உரிமை, எல்லாம் இதுக்குள்ளை அடக்கம்.”

யாகப்பு மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற சமாதான நீதவான் அதற்குமேல் ஒரு கையெழுத்து வைத்தார். தான் ஏமாந்த கதையைப் பிறகு சொல்லும்போதெல்லாம் யாகப்பு இராசநாயகத்தைக் குறை சொல்லுவதில்லை. “ஐம்பத்தைஞ்சு வயசிலை ஒரு கந்தோருக்குள்ளை வைச்சு என்னை ஐயா எண்டு கூப்பிட்ட முதல் ஆள் அந்த மனிசன்தான். வள்ளத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பன்” என்பார்.

அங்கிருந்து அவர் தீவக நீர் விநியோக ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கும் போய், ஒழுங்கைக் கடிதத்தைக் கொடுத்தார். அலுவலகப் பொறுப்பாளர் கதிர்காமு கடிதத்தை வாசித்து, தண்ணீர்ப் பட்டியலில் ஒழுங்கையின் பெயரைச் சேர்த்தார். “திங்கக்கிழமை பவுசர் வரும். நீர் போம்” என்றார். ஒரே நாளில் இரண்டு வேலையை முடித்த திருப்தியோடு யாகப்பு கடைசி வள்ளத்தைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ பேப்பரை விரித்தார்கள். சுயேச்சைக் குழு இலக்கம் பதினான்கு, சின்னம் தண்ணீர்க் குழாய், பத்தொன்பதாவது பெயர் யாகப்பு. மனைவி மரியநாயகி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் தண்ணி கேட்கத்தானே போனனீங்கள்?”

“ஓம்.”

“மாகாண சபையையுமோ கேட்டனீங்கள்?”

அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் பண்ணினார். ஆனால், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, தலையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்ததையும், ‘கௌரவ யாகப்பு’ என்று வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்ததையும் மரியநாயகி குசினி வாசலில் நின்று கண்டுவிட்டாள். அதை அவரும் மறைக்கவில்லை. சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பவுசர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி கதிர்காமுவிடம் போனார். இந்த முறை கதிர்காமு கதிரையை விட்டு எழும்பினார்.

“வாருங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியளோ?”

போன கிழமை ‘நீர்’ என்றவர் இந்தக் கிழமை ‘நீங்கள்’ என்கிறார். யாகப்பு நின்றபடியே சொன்னார்.

“தேத்தண்ணி வேண்டாம். பவுசர் வரேல்லை.”

“எப்பிடி வரும்? நீங்கள் இப்ப வேட்பாளர். கடிதம் கொண்டுவந்ததும் நீங்கள்தான். ஒரு வேட்பாளற்றை கோரிக்கையிலை அரசாங்கத் தண்ணி போனால் அது வாக்காளருக்கு லஞ்சம். நான் முப்பத்தொரு வருசமாய் இந்தக் கதிரையிலை இருக்கிறன். இவ்வளவு காலத்திலை என்னாலை ஒரு மனிசருக்கு ஒரு நன்மை நடந்தது எண்டு ஒருத்தரும் விரல் நீட்டிக் காட்ட ஏலாது. அந்தப் பெயரைக் கெடுத்துப்போடாதேங்கோ.”

“அப்ப நான் தேர்தலிலை இருந்து விலகுறன்.”

“அது என்ரை கையிலை இல்லை. பக்கத்துக் கட்டிடத்துக்குப் போங்கோ.”

பக்கத்துக் கட்டிடத்தில் தேர்தல்கால நடுநிலைமை மேற்பார்வைப் பிரிவு இருந்தது. அந்தத் தேர்தலுக்கென்றே திறந்த கந்தோர். பொறுப்பாளர் சறோஜினிதேவி. அவருடைய மேசையில் தடித்த விதிப் புத்தகம் ஒன்று. வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்று புத்தகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார்.

“வேட்புமனு ஏற்றபிறகு விலக ஏலாது.”

“நான் வேணுமெண்டு கையெழுத்து வைக்கேல்லை, மிஸ்.”

“அப்பிடி ஒரு காரணம் புத்தகத்திலை இல்லை.”

“வேறை என்ன காரணம் இருக்கு?”

அவர் பக்கத்தைப் புரட்டினார். “மரணம்.”

“அதுக்கு என்ன செய்ய வேணும்?” என்று யாகப்பு கேட்டார். உண்மையிலேயே விளக்கம் அறியத்தான் கேட்டார்.

“அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. ஆனால் அதை நீங்களே நிரப்பித் தர ஏலாது.”

பிறகு சறோஜினிதேவி ஒரு மணித்தியாலம் புத்தகத்தோடு கிடந்து, ஒரு வழி கண்டுபிடித்தார். பூவரசடி ஒழுங்கையில் வேட்பாளர் எவரும் குடியிருக்காவிட்டால் அந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் கொடுப்பதில் தடை இல்லை. வேட்பாளர் ஒழுங்கையிலிருந்து ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் குடியிருக்கவேண்டும், ஒழுங்கைக்குள் காலடி வைக்கக்கூடாது. கிராம அலுவலரான விதானையார் அதை உறுதிப்படுத்திக் கடிதம் தரவேண்டும்.

இப்படியாக, ஆவணி மாதம் ஏழாம் திகதி, யாகப்பு ஒரு பாயும் இரண்டு சாரமும் எடுத்துக்கொண்டு கடற்கரை வாடிக் கொட்டிலுக்குக் குடிபோனார். விதானையார் ஒழுங்கை முகப்பிலிருந்து வாடி வரைக்கும் காலடி எண்ணி நடந்து, நானூற்றுத் தொண்ணூறு மீற்றர்தான் வருகிறது என்று சொன்னதால், வாடியின் கடற்பக்க மூலையில் பாயைப் போடவேண்டி வந்தது. வற்று நேரத்தில் பரவாயில்லை. பெருக்கு நேரத்தில் பாயின் கரை நனையும்.

அடுத்த நாளே பவுசர் வந்தது. நாற்பத்திரண்டு வீட்டுச் சனமும் குடத்தோடும் வாளியோடும் ஓடியதை யாகப்பு வாடியில் நின்று பார்த்தார். மரியநாயகி ஒரு கலன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். பின்னாலேயே விதானையாரும் வந்தார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. அது வாக்காளருக்குக் குடுத்த தண்ணி. வேட்பாளர் குடிக்க ஏலாது.”

“இவர் என்ரை மனிசன்.”

“உங்களுக்கு மனிசன். கந்தோருக்கு வேட்பாளர்.”

மரியநாயகி கலனைத் திருப்பிக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து தேர்தல் முடியும்வரை யாகப்பு உவர்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார். தேத்தண்ணியில் எவ்வளவு சீனி போட்டாலும் கடல் ருசி போகவில்லை. ஒழுங்கைக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதன் ஒழுங்கைக்கு வெளியே நின்று உப்புத் தண்ணீர் குடிப்பதை நினைத்து, வாடியில் தனியே இருந்து அவர் சத்தமாகச் சிரித்த நாளும் உண்டு.

ஒரு கிழமை கழித்துச் சறோஜினிதேவி தீவுக்கு நேரில் வந்தார். பவுசரைச் சுற்றிப் பார்த்தவர் பின்பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இது என்ன?”

“பைப், மிஸ்” என்றார் சாரதி. “தண்ணி வாறது.”

“இது சுயேச்சைக் குழு பதினான்கின்ரை சின்னம். அரச வாகனத்திலை ஒரு குழுவின்ரை சின்னத்தைப் பகிரங்கமாய்க் காட்டிக்கொண்டு திரியிறீர்.”

குழாயைச் சாக்கால் மூடிக் கட்டச் சொன்னார்கள். தண்ணீரை மேல்மூடியைத் திறந்து வாளியால் அள்ளிக் கொடுக்கவேண்டும். தீவில் வேறு எங்காவது குழாய் இருக்கிறதா என்றும் அவர் விசாரித்தார். ஒரு வீட்டிலும் இல்லை என்று விதானையார் சொன்னதும், “நல்லது. அந்த விசயத்திலை இந்தத் தீவு முன்மாதிரி” என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் யாகப்புவின் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் நடுநிலைமையைச் சனங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று சறோஜினிதேவி நினைத்தார். இரண்டு நாளில் பவுசரின் இரண்டு பக்கமும் பெரிய துணி கட்டப்பட்டது. அதில் சிவப்பெழுத்தில், ‘இத்தண்ணீர் எந்த வேட்பாளராலும் வழங்கப்பட்டதல்ல. குறிப்பாக, சுயேச்சைக் குழு 14, இலக்கம் 19, யாகப்புவால் வழங்கப்பட்டதல்ல’ என்று எழுதியிருந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் குழம்பக்கூடாது என்பதற்காகப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயின் படத்தையும் கீறியிருந்தார்கள்.

அந்தப் பவுசர் காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் வரை நெடுந்தீவின் எல்லா ஒழுங்கைகளிலும் ஓடியது.

இராசநாயகம் தன் பிரசாரக் கூட்டத்துக்காக நெடுந்தீவில் வந்து இறங்கியபோது முதலில் கண்டது அதைத்தான். துறைமுகத்தடியில் கூட்டம். ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் மூன்று மணி வள்ளத்துக்குக் காத்திருந்தவர்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“என் அன்பான தீவக மக்களே! நாங்கள் பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர். பதவி தருகிறோம் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் தராமல் விட்டவர்களுக்குப் பாடம் படிப்பிக்க வந்தவர்கள்! எங்கள் குழுவில் தலைவன் என்று ஒருவன் இல்லை. எல்லோரும் சமம். அதை ஒரு தலைவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்!”

வள்ளம் வந்தது. ஏழு பேர் எழும்பிப் போனார்கள். மிச்சம் இருவரில் ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். மற்றவர் யாகப்பு.

இராசநாயகம் இறங்கி வந்து யாகப்புவின் தோளில் கை வைத்தார். இப்போது ‘ஐயா’ இல்லை.

“என்ன யாகப்பு, எங்களுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வழியில்லை. உமக்கு மட்டும் அரசாங்க வாகனத்திலை பெரிய விளம்பரம்?”

“அதிலை நான் குடுக்கேல்லை எண்டெல்லோ கிடக்கு?”

“சனத்துக்கு ‘அல்ல’ கண்ணிலை படாது. பெயர்தான் படும். நான் இருபது வருசம் அரசியலிலை இருந்தனான். எனக்குத் தெரியாதோ?”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வாடிப் பக்கம் சனம் வரத்தொடங்கியது. பூவரசடி ஒழுங்கையிலிருந்து மேரிசுகந்தி கைக்குழந்தையோடு வந்து, “அண்ணை, எங்களுக்காக இஞ்சை வந்து கிடக்கிறியள். இந்த முறை உங்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். யாகப்புவின் நெஞ்சு விரிந்தது. ஒரு நாள் முழுக்க விரிந்தபடியே இருந்தது. அன்றிரவு நித்திரை வராமல், சபையில் எழும்பிப் பேசவேண்டிய முதல் வசனம் எது என்றுகூட யோசித்தார்.

மறுநாள் சறோஜினிதேவியிடமிருந்து கடிதம் வந்தது. நெடுந்தீவில் பத்தொன்பதாம் இலக்கத்துக்கு ஆதரவு கூடுவதாக அறிய வருகிறது. அந்த வேட்பாளர் வெல்லக்கூடிய நிலை ஏற்பட்டால், இதுவரை கொடுத்த தண்ணீர் லஞ்சமாகக் கருதப்பட்டு விநியோகம் உடனடியாக நிறுத்தப்படும்.

யாகப்பு கடிதத்தை மடித்தார். நேரே ஒழுங்கை முகப்புக்குப் போனார். உள்ளே காலடி வைக்க முடியாது. ஆகையால் தெருவில் நின்றபடியே கூப்பிட்டார். சனம் வேலிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

“ஒருத்தரும் எனக்குப் போடாதேங்கோ! ஆருக்கு வேணுமெண்டாலும் போடுங்கோ. எனக்கு மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறன்!”

எத்தனையோ பேர் வந்து வாக்குக் கேட்டதைக் கண்ட ஒழுங்கை அது. வாக்கு வேண்டாமென்று கும்பிட்ட ஒருவரை அன்றைக்குத்தான் கண்டது. “இப்பிடி ஒரு நேர்மையான மனிசனை இவ்வளவு நாளும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறம்” என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். யாகப்பு தலையில் கைவைத்துக்கொண்டு வாடிக்குத் திரும்பினார்.

புரட்டாதி முதற்கிழமை தேர்தல் நடந்து, முடிவு வந்தது. சுயேச்சைக் குழு பதினான்குக்கு மாவட்டம் முழுவதிலும் அறுபத்து மூன்று வாக்குகள். குழுவுக்குள் ஆளாளுக்கு விழும் விருப்பு வாக்கில் இராசநாயகத்துக்கு எட்டு. யாகப்புவுக்குப் பதினொன்று. குழுவிலேயே கூடிய தொகை அதுதான்.

மூன்றாம் நாள் இராசநாயகத்தின் வீட்டு விறாந்தையில் ஒழுக்காற்று விசாரணை. நீதிபதியும் அவர்தான், முறைப்பாட்டுக்காரரும் அவர்தான்.

“தலைமையை விட மூன்று வாக்குக் கூட எடுத்திருக்கிறீர். இது குழுவின்ரை சமத்துவத்தைக் குலைக்கிற செயல். உம்மைச் சுயேச்சையிலை இருந்து நீக்குறம்.”

“நீக்கினால் நான் ஆர்?”

இராசநாயகம் அதை யோசித்திருக்கவில்லை. “அதை நீர்தான் முடிவு செய்ய வேணும்” என்றார்.

யாகப்பு வரும் வழியில் நடுநிலைமைப் பிரிவுக்கும் போனார். அங்கே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தேர்தல் முடிந்ததும் கந்தோரும் முடிந்தது. முதல் தடவையாகச் சறோஜினிதேவி அவருடைய முகத்தைப் பார்த்தார்.

“மிஸ், இனி வீட்டை போகலாமோ?”

“போகலாம். தண்ணியும் வரும். அந்த ஒழுங்கையைப் பட்டியலாலை எடுக்கிறதெண்டால் நாங்கள்தான் எழுத வேணும். நாங்கள் இண்டையோடை இல்லை.”

“எனக்குப் பதினொரு வாக்கு விழுந்திருக்கு” என்றார் யாகப்பு. சொல்லவேண்டுமென்று நினைத்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

“கண்டனான். அதைப் பெரிசாய் எடுக்காதேங்கோ. பத்தொன்பது கடைசிக் கட்டம். கை வழுக்கினாலும் கீறு அதிலைதான் விழும்.”

வீட்டுக்கு வந்ததும் மரியநாயகி ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுத்தாள். முப்பத்திரண்டு நாளுக்குப் பிறகு தன் வீட்டில் குடித்த தண்ணீர். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

“நீ எனக்குத்தானே போட்டனி?”

“இல்லை.”

“இல்லையோ?”

“நீங்கள்தானே ஒழுங்கை முழுக்கக் கேட்க, போடாதேங்கோ எண்டு கத்தினனீங்கள். மனிசன் சொல்லுக் கேட்காத பொஞ்சாதி எண்டு நாளைக்குச் சொல்லுவியள்.”

அப்படியென்றால் அந்தப் பதினொரு பேர் யார்? யாகப்புவுக்கு அதுவே நினைப்பாகிவிட்டது. கை வழுக்கியதாகவே இருக்கட்டும். ஆனால் பதினொரு கையும் வழுக்குமா? யாரோ ஒருவர் தனியே நின்று, யோசித்து, அவருடைய இலக்கத்தில் கீறியிருக்கிறார். அந்த மனிதர் எதிரில் வரும்போது தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் எவ்வளவு பிழை? யாரென்று தெரியாதபடியால் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கவேண்டி வந்தது. பிறகு சிரிப்போடு நிற்கவில்லை. மேரிசுகந்தியின் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க யாழ்ப்பாணம் போய்வந்தார். மூக்கைச் சிந்திய கிழவியின் கண் வைத்தியத்துக்குத் துணையாகப் போனார். பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஒரு கடிதம், பாதை விளக்குக்கு இன்னொன்று என்று கையெழுத்து வாங்கித் திரிந்தார்.

ஒழுங்கைக்கு விசயம் கெதியாக விளங்கிவிட்டது. உதவி கேட்டு வருகிறவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, “யாகப்பண்ணை, ஆருக்குப் போட்டனாங்கள் எண்டு சொல்லக் கூடாது, இரகசியம். ஆனால் உங்களுக்கு விளங்கும்தானே” என்றார்கள். ஐப்பசியில் மழை வந்து கிணறு ஊறும்போது, அந்தப் பதினொரு வாக்கைச் சொந்தம் கொண்டாடியவர்களின் தொகை எழுபத்து மூன்றுக்கு வந்திருந்தது. இதில் வாக்களிக்கும் வயது வராதவர்கள் நான்கு பேர். யாகப்பு ஒருவரையும் மறுக்கவில்லை. தன்னை ஏமாற்றுவது லேசு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது அது ஒரு பதவி மாதிரியும் இருந்தது.

ஒரு விடியற்காலை அவர் கடற்கரைக்குப் போனபோது பத்திநாதர் தன் வள்ளத்தைத் தனியே தள்ளிக்கொண்டு நின்றார். மகன் கொழும்புக்குப் போன பிறகு அவருக்குத் துணை இல்லை. வலை அறுந்த விசயத்தில் இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சும் இல்லை. யாகப்பு போய்ப் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.

பத்திநாதர் தள்ளுவதை நிறுத்தினார்.

“உமக்கென்ன வந்தது?”

“ஒண்டுமில்லை. தள்ளும்.”

“வாக்குக்காகவோ? நான் உமக்குப் போடேல்லை. உண்மையைச் சொல்லுறன். அண்டைக்கு நான் வாக்குப் போடவே போகேல்லை.”

யாகப்பு நிமிர்ந்தார். எழுபத்து மூன்று பேருக்குப் பிறகு வந்த முதல் உண்மை அது. வள்ளம் பாதி மணலிலும் பாதி தண்ணீரிலும் கிடந்தது. பத்திநாதர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இவர் போவாரென்று பார்த்துக்கொண்டு நின்றார்.

யாகப்பு குனிந்து மறுபடியும் தோளைக் கொடுத்தார்.

“சரி, இதை வேறை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்” என்றார். “பிறகு என்னட்டை வேலை வாங்க ஏலாது.”